ஷூ போட்டு ஏலம் கேட்டவர்

காலில் கெளுத்தி முள் ஏறினால் எப்பேர்ப்பட்ட ஆளும் அலறிவிடுவார். மற்ற மீன் முள் குத்துவது வேறு, இது வேறு. தேள் கொட்டியதுபோல் கடுத்து, தொடைவரை ஏறும். திருவொற்றியூர்க் கடலோரத்தில் இருக்கும் யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் தெருமுனையில் உட்கார்ந்து மீன் விற்கும் அம்மாவின் வலது பாதத்தில் முழு நீளக் கெளுத்தி முள் ஒன்று குத்தி நிற்க, அவர் அதை அறியாமல் எனக்குச் சங்கரா மீன் எடைபோட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் பதறினேன்.

“அக்கா, காலைப் பாருங்க!”

குனிந்து பார்த்தார். வெங்காயத் தோலை உரிப்பதுபோல் முள்ளைப் பிடுங்கி எறிந்தார்.

“இத்தப் பாத்தா பயந்துட்டே? முப்பது வருசம் உப்புத் தண்ணில ஊறின காலு சாரு. குத்தினா முள்ளுக்குத் தான் வலிக்கும்.”

பக்கத்தில் கூடை வைத்திருந்த நெத்திலிக்காரப் பெண் சிரித்தார். “எங்க அக்கா காலு டயரு சாரு. ஆணி குத்தினா கூட பஞ்சராவாது.”

வீட்டுக்கு வந்ததும் டைரியில் எழுதினேன்: ‘கெளுத்தி முள். சிரித்துக்கொண்டே பிடுங்கினார். என்ன மன உறுதி!’ எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு ஆண்டுகள் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதி எழுதி, ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எழுதியதை அடிப்பதும் எனக்கு வழக்கமில்லை. அந்த வரி இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் அதன் ஓரத்தில் முப்பத்திரண்டு நாள் கழித்துச் சிவப்பு மையில் எழுதியது இது: ‘தவறு. இது உறுதி அல்ல, நோய்.’

ஊரடங்குகள் எல்லாம் முடிந்து மீன் சந்தைகள் பழையபடி நிரம்பத் தொடங்கிய மறு ஆண்டு அது. அந்த அம்மா அப்போதுதான் ஐம்பதைத் தாண்டியிருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறைப்பது என் முடிவு. அவரைக் கேட்டிருந்தால் பெயரைப் போடு, தெருவைப் போடு, எந்த விரல் போனது என்பதையும் போடு என்றுதான் சொல்லியிருப்பார். அவரிடம் நான் கண்ட குணம் அந்த ஒன்றுதான். தன் உடம்பைப் பற்றி அவர் ஒருபோதும் குரலைத் தாழ்த்திப் பேசியதில்லை.

முள் குத்திய இடம் புண்ணானது. அதுவும் அவருக்கு வலிக்கவில்லை. சீழ் பிடித்து நாறத் தொடங்கியது. நாள் முழுக்க மீனோடு இருப்பவருக்கு அந்த நாற்றம் எப்படித் தனியாகத் தெரியும்? கூடையில் பழைய மீன் ஏதோ தங்கிவிட்டது என்று எண்ணி, கூடையை மூன்று நாள் பினாயில் போட்டுக் கழுவியிருக்கிறார். நான்காம் நாள் நெத்திலிக்காரி அவர் பாதத்துக்கடியில் ஈரத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனது. அதற்குள் இரண்டாம் விரல் கறுத்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் அந்த விரலை எடுத்தார்கள். பத்தொன்பது நாள் வார்டில் இருந்தார்.

பார்க்கப் போனேன். கட்டில்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, காலைச் சாப்பாட்டுக்கு வந்த பொங்கலை நான்காகப் பிரித்து ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தார்.

“எத்தினி வருசமா கீதுன்னே தெரியாதாம் சாரு. சக்கரை. காலுல உணர்ச்சிய தின்னுட்டுகீது. நான் தான் லூசு மாரி முள்ளுக்கு வலிக்கும்னு உதாரு வுட்டுகினு இருந்தேன்.” பிறகு கட்டுப்போட்ட காலைத் தூக்கிக் காட்டினார். “இன்னொரு புண்ணு வந்தா பாதம் போவும்னு சொல்ட்டாங்க. பாதம் போனா நான் மீன் விக்க முடியாது. ஒரு வெரலோட நிறுத்தலாம், ஆனா நீ தான் நிறுத்தணும்னு சொன்னாங்க டாக்டரம்மா. நிறுத்தறேன் பாரு.”

எங்கள் பகுதியில் சர்க்கரை நோய் இல்லாத தெரு இல்லை; இருக்கிறது என்று சொல்பவரும் இல்லை. தொழிற்சாலைகளில் ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனைக்கு முன்னால் இரண்டு நாள் பட்டினி கிடந்து, முடிந்த மறுநாளே பிரியாணிக் கடையில் வரிசையில் நிற்பவர்களை நான் கண்டிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில், அது முடியும்வரை மாத்திரை டப்பா அரிசிப் பானைக்குள் இருக்கும். நானும் உத்தமன் அல்ல. எனக்கு நோய் இருப்பது என் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். வாக்குமூலம் எதுவும் கொடுக்காமலே அந்த அம்மா கண்டுபிடித்தது, நான் பொரிக்க வஞ்சிரம் கேட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது அவர் மீண்டும் தெருமுனைக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

“சாரு, மூணு மாசத்துல இளைச்சிட்டே. கையில தண்ணி பாட்லு வேற. உனுக்கும் கீதா?”

“என்னது?” என்றேன்.

“சக்கரை.” தெருக்கோடிவரை கேட்டிருக்கும். மீன் வாங்க நின்ற ஆறேழு பேர் திரும்பினார்கள்.

“மெதுவா பேசுங்க அக்கா.”

“இன்னாத்துக்கு மெதுவா? திருடினியா? எவன் வூட்லயாவது சுவரேறி குதிச்சியா? சக்கரை தானே! சொல்லு, கீதுன்னு.”

“இருக்கு,” என்றேன். முகம் சுட்டது.

“அப்ப பொரிக்காதே. கொழம்பு வை. மீன் நெறைய தின்னு, சோத்த கொற. தட்டுல பாதிக்கு கீரையோ காயோ வச்சுட்டு மிச்சத்துல சோறு போடு. மாத்திரைய நிறுத்திட்டு பாவக்கா ஜூஸு குடிக்கிறேன்னு கெளம்பாதே. மாத்திர மாத்திர தான், வாயி வாயி தான்.”

வரிசையில் என் பின்னால் நின்ற இருவர் அன்று பொரிக்கும் துண்டு கேட்கவில்லை. யார் என்று எழுத மாட்டேன்.

கம்பு, கேழ்வரகு பற்றி எங்கள் பகுதியில் ஒரு நம்பிக்கை உண்டு. அரிசியை விட்டுவிட்டு இவற்றைக் கூழாக எவ்வளவு குடித்தாலும் சர்க்கரை ஏறாது என்பார்கள். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியபோது இந்த நம்பிக்கைக்கும் அந்த அம்மாவுக்கும் நேரடி மோதல் நடந்தது. ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் கவிழ்த்தார். ஊற்றிய பெண் சொம்போடு நின்றார்.

“இன்னாக்கா, ஆத்தா கூழு! வேணாம்னா ஆத்தாவுக்கு கோவம் வரும்.”

“ஆத்தா எனுக்கு ஒரு டம்ளரு தான் அளந்துகீறா.”

“இது கேவுரு. சக்கரைக்கு நல்லது தானே?”

“ஒரு டம்ளரு நல்லது. ஒரு சொம்பு கேவுரும் அரிசியும் ஒண்ணு தான். நான் குடிச்சு, ஆஸ்பத்திரி ஊசியில பாத்துட்டு தான் சொல்றேன்.”

மேளம் அடித்தவர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்தப் பெண் முகம் சுருங்கிப் போனது. அந்த அம்மாவுக்குப் பரிவு போதாது என்று எனக்கும் சில சமயம் தோன்றியது உண்டு. அன்பாகக் கொடுப்பதை இப்படியா நடுக்கோயிலில் கவிழ்ப்பது? திரும்பி வரும்போது கேட்டும்விட்டேன்.

“மறுவாட்டி எனுக்கு ஊத்துவாளா?” என்று கேட்டார்.

“மாட்டாள்.”

“அவ்ளோ தான் வேணும் எனுக்கு. தெனம் தெனம் சாக்கு சொல்லிகினு நிக்க முடியாது.”

அவர் மகன் சரக்குப் பெட்டகக் கிடங்கில் வேலை பார்த்தான். இருபத்தைந்து வயது. வேலை முடிந்து வரும்போது கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குளிர்பானப் பாட்டில். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்டு, அவனையும் இழுத்துப்போய்ப் பரிசோதிக்க வைத்தார். சர்க்கரையின் விளிம்பில் நிற்கிறான் என்று சொன்னார்களாம். அன்று மாலையே பாட்டிலைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தார்.

“எனக்குத் தான் இன்னும் வரலியேம்மா!”

“வராம கீறப்ப தான்டா வேல கீது. வந்தப்புறம் ஆஸ்பத்திரிக்கு தான் வேல.”

அவன் பதிலுக்குச் சொன்னது வேறு. “நீ மீன் விக்கப் போவாதே. காலை வச்சுகினு வூட்ல குந்து. நான் சம்பாரிக்கிறேன்.”

“குந்தினா தான்டா ஏறும் இது.”

உண்மையில் மீன் விற்பதே குந்தியிருக்கும் தொழில்தான். விடியற்காலை ஏலத்துக்கு நிற்பது போக, மிச்ச ஐந்தாறு மணி நேரமும் பலகைமேல் உட்கார வேண்டும். புண் முழுதும் ஆறிய பிறகு தினமும் நடக்கச் சொன்னார்கள். எங்கே நடப்பது? நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். கடற்கரை முழுக்கப் பாறாங்கல். தெருக்களில் பாதி நாள் தோண்டிய குழி. அந்த அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். ரயில் நிலையத்துக்குப் போய், அடுத்த நிலையத்துக்கு மாத சீசன் டிக்கெட் எடுத்தார். தினமும் மாலை ஐந்து மணிக்குப் பிளாட்பாரத்தின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கும், மறுபடி தென்கோடிக்கும் நடப்பார். தரை சமமாக இருக்கும், விளக்கு இருக்கும், உட்காரத் தோன்றினால் பெஞ்சு இருக்கும். ஆனால் பெஞ்சில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நானும் அடுத்த மாதம் சீசன் எடுத்தேன், நெத்திலிக்காரியும் எடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை டிக்கெட் பரிசோதகர் எங்களை நிறுத்தினார். பன்னிரண்டு நாளாகப் பார்க்கிறாராம், நாங்கள் எந்த ரயிலிலும் ஏறுவதில்லையாம்.

“சீசன் கீது,” என்று நீட்டினார் அந்த அம்மா.

“இருக்கும்மா. ஏன் ரயில் ஏற மாட்டேங்கறீங்க?”

“ஏறினா குந்தணும் சாரு. குந்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிகீறாங்க.”

“இது நடக்கற இடம் இல்ல.”

“இந்த அட்டையில எங்கனா ‘நடக்கக் கூடாது’ன்னு போட்டுகீதா? எனுக்கு படிக்க தெரியாது, நீயே படிச்சு சொல்லு.”

அவர் அட்டையை இரண்டு பக்கமும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து, தன் அம்மாவுக்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம் என்று அவரே வந்து கேட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் வாய்ச் சண்டை. இனி எழுதப்போவதில் அவர் கால் பணயமாக இருந்தது.

எங்கள் பக்கத்துக் குப்பத்தில் ஏலக்கொட்டகை ஒன்று உண்டு. படகுகள் கரைக்கு வந்ததும் மீனைக் கொண்டுவந்து சிமென்ட் தரையில் கொட்டுவார்கள். முதல் கூடை தரையைத் தொட்ட கணத்திலிருந்து ஏலம் முடியும்வரை யாரும் உள்ளே செருப்போடு போகக் கூடாது. கடலம்மா கொடுத்ததன் பக்கத்தில் செருப்புக்கால் படக்கூடாது என்பது வழக்கம். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும்; ஹோட்டல்களுக்கு வாங்க வருபவர்களும் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். எத்தனை காலமாக இந்த வழக்கம் என்று ஏலம் விடுபவரிடம் நான் கேட்டதுண்டு. தாத்தா காலத்திலிருந்து என்றார். கொட்டகைக்குச் சிமென்ட் போட்டது சுனாமிக்குப் பிறகுதான். தாத்தா காலத்தில் அது வெறும் மணல். மணலில் முள் புதைந்துபோகும், சிமென்டில் நிமிர்ந்து நிற்கும். இதை அப்போது நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அந்த அம்மா ஷூ வாங்கினார். வீட்டுக்குள் போட ஆஸ்பத்திரியில் மெத்தென்ற செருப்பு கொடுத்திருந்தார்கள். வெளியே போவதற்கு விரலெல்லாம் மூடிய, அடி தடித்த ஷூ வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆண்கள் போடும் கறுப்பு ஷூ, முன்பக்கம் அகலமானது. உள்ளே வெள்ளைக் காலுறை. புடைவையை ஒரு சாண் தூக்கிக் கட்டிக்கொண்டு அந்த ஷூவோடு அவர் தெருவில் நடந்த முதல் நாள், டீக்கடையில் ஒருவர் “இன்னா இன்ஸ்பெக்டரம்மா, யாரப் பிடிக்கப் போறே?” என்றார். “முதல்ல உன்னத் தான். அது எத்தினாவது டீ?” என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனார். போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவுவார். உள்ளே கல் கிடந்தாலும் கால் சொல்லாது, கைதான் சொல்ல வேண்டும்.

ஏலக்காரர் அவரை வாசலிலேயே நிறுத்தினார். அறுபது வயது, கருங்கல் உடம்பு, ஒலிபெருக்கி தேவைப்படாத குரல்.

“ஷூவ கழட்டிட்டு வா.”

“கழட்டினா காலு போவும் நைனா.”

“காலு போவும்னா வூட்ல கெட.”

அவர் கழற்றவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. வாசலுக்கு வெளியே நின்று ஏலம் கேட்டார். ஏலக்காரர் காதில் விழாததுபோல் அடுத்தவரிடம் போனார். முதல் நாள் அப்படிப் போனது. இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும், நான்காம் நாளும் அப்படியே. அந்த நான்கு நாளும் நெத்திலிக்காரி தன் பங்கில் பாதியைக் கொடுத்துத்தான் அந்த அம்மாவின் கூடை நிறைந்தது. ஐந்து நிமிடம் வெறுங்காலோடு போய் வந்துவிடலாம், யார் பார்க்கப்போகிறார்கள், முள் என்ன காத்துக்கொண்டா இருக்கிறது என்று குப்பத்துப் பெண்கள் சொன்னார்கள். மகன் அழுதான். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் அவர் பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்தபோது, கண்ணை மூடச் சொல்லி ஒரு நைலான் இழையால் அங்கங்கே அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டார்கள். அந்த இழையைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டாராம். அது எங்கள் ஊரில் தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி மாதிரியேதான் இருந்ததாம். வீட்டுக்கு வந்து ஒரு துண்டு தங்கூசியை நறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மீன் வாங்க வரும் பெண்களிடம் “காலக் காட்டு” என்பார். ஆஸ்பத்திரி இழைபோல் அது அளவெடுத்துச் செய்ததல்ல என்று நான் ஒரு முறை சொன்னேன். “நான் இன்னா சீட்டா எழுதித் தரப்போறேன்? தெரிலன்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன், அவ்ளோ தான்” என்றார். அப்படி அவர் அனுப்பியவர்கள் என் கணக்குக்குத் தெரிந்து மூன்று பேர்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. நானும் போயிருந்தேன். படகுகள் வந்துவிட்டன. முதல் கூடை தரையில் விழுந்தது. கானாங்கெளுத்தியும் கவலை மீனும் கலந்த குவியல். வாசலுக்கு வெளியே ஷூவோடு நின்றபடி அந்த அம்மா ஏலம் கேட்டார். ஏலக்காரர் திரும்பவில்லை.

“நைனா, என் கொரலு உன் காதுல வுழலியா?”

“ஷூவ கழட்டு, வுழும்.”

“நான் சாவறது ஒண்ணு தான் பாக்கி. அதுக்கும் செருப்ப கழட்டிட்டு வான்னுவே.”

“பேஜாரு பண்ணாதே! இங்க கீற எல்லாத்துக்கும் காலு கீது. எவனாவது ஷூ கேட்டானா? நாப்பது வருசமா வெறுங்கால்ல நிக்கறேன். ஒன்ன மாரி தொட்டா சிணுங்கி காலு இல்ல இது. முள்ளு ஏறினா கூட தெரியாது எனுக்கு!”

அந்த அம்மாவின் முகத்தில் இருந்த கோபம் அப்படியே நின்றுவிட்டதை நான் பார்த்தேன்.

“இன்னா சொன்னே?”

“தெரியாதுன்னேன்.”

“ரொம்ப நாளாவா?”

“அது கீது நாலஞ்சு வருசமா. காலு அப்டி காச்சுப் போய்கீது.”

அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். “ஒரு பந்தயம் நைனா. வெளிய வந்து இந்தப் பொட்டி மேல குந்து, கண்ண மூடு. நான் காலத் தொடும்போதெல்லாம் ‘ம்’ சொல்லு. நீ சரியா சொல்ட்டின்னா நான் ஷூவ கழட்டிட்டு வரேன். இனிமே எப்பவும் வெறுங்காலு தான்.”

அவர் பணயம் வைத்தது தன் பாதத்தை. நெத்திலிக்காரி “அக்கா, வேணாம்” என்று கையைப் பிடித்தார். உதறினார்.

கூட்டம் விசில் அடித்தது. ஏலக்காரர் சிரித்துக்கொண்டே வந்து கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டிமேல் உட்கார்ந்தார். காலை நீட்டிக் கண்ணை மூடினார். அந்த அம்மா மண்டியிட்டார். முதலில் அவர் புறங்கையைத் தங்கூசியால் தொட்டார்.

“ம்,” என்றார் ஏலக்காரர். “இத்தயா சொன்னே? இது கூடவா தெரியாது?”

பிறகு வலது காலின் கட்டைவிரலடியில் இழை வளையும்வரை அழுத்தினார். ஏலக்காரர் பேசவில்லை. சுண்டுவிரலுக்குக் கீழே அழுத்தினார். பேசவில்லை. பாதத்தின் நடுவில், ஓரத்தில், மறுபடி கட்டைவிரலில். இடது பாதத்துக்குப் போனார். விசில் நின்றுவிட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாவது இடம். ஏலக்காரர் கண்ணை மூடியபடியே, அதே சிரிப்போடு சொன்னார்:

“இன்னும் இன்னா யோசனை? சீக்கிரம் ஆரம்பி. மீனு வீணாவுது.”

ஒருவரும் சிரிக்கவில்லை.

“கண்ணத் தொற நைனா,” என்றார் அந்த அம்மா. அவர் குரல் தணிந்து நான் கேட்ட ஒரே முறை அது.

ஏலக்காரர் கண்ணைத் திறந்தார். தன் பாதத்தில் அழுந்தி வில்லாக வளைந்திருந்த இழையைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தார். மறுபடி இழையைப் பார்த்தார்.

“சக்கரையோ வேற இன்னாவோ, டாக்டரு சொல்லட்டும். திங்கக்கெழம வெறும் வயித்தோட வா. நான் வரேன் கூட.”

“எனுக்கு ஒண்ணும் இல்ல,” என்று எழுந்தார் ஏலக்காரர். உள்ளே போய் மீன் குவியலின் பின்னால் தன் இடத்தில் நின்றார்.

அந்த அம்மா வாசலில் இருந்த வாளிக் கடல்தண்ணீரை எடுத்து ஷூவின் அடியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். இரண்டு முறை கழுவினார். பிறகு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். ஈரத் தரையில் ஷூவின் தடம் ஒவ்வொன்றாகப் பதிந்தது. குவியலுக்கு இரண்டடி தள்ளி நின்றார்.

“கடலம்மாவுக்கு மரியாத தரேன். காலத் தர மாட்டேன்,” என்றார். பிறகு விலையைச் சொன்னார்.

ஏலக்காரர் அவர் சொன்ன விலையைத் திருப்பிச் சொல்லி, “வேற ஆரு கேக்கறது?” என்றார். யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஏலக்காரர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அந்த அம்மா வாசலில் பதினொன்றரைவரை காத்திருந்துவிட்டுத் திரும்பினார். மறுவாரமும் வரவில்லை. ஏலத்தில் இருவரும் விலையைத் தவிர வேறு பேசவில்லை.

அதற்கடுத்த வியாழக்கிழமை மாலை, நாங்கள் பிளாட்பாரத்தில் நடந்துகொண்டிருந்தபோது ஏலக்காரரின் மனைவி வந்தார். மடியிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து நீட்டினார். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு பாதங்களின் அளவு வரைந்திருந்தது.

“ஷூ எங்க வாங்கினேன்னு சொல்லு. இந்த அளவுல ஒண்ணு வாங்கணும்.”

அந்த அம்மா தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “கோடு எல்லாம் கோணலா கீது. எப்ப வரஞ்சே?”

“மத்தியானம் தூங்கும்போது. தெரிஞ்சா கத்துவாரு.”

“படுத்த காலு வேற, நிக்கற காலு வேற. நின்னா பாதம் அகலும். சாயந்தரம் கொஞ்சம் வீங்கும். இந்த அளவுல வாங்கினா கடிக்கும், கடிச்சா அவருக்கு தெரியாது. எழுப்பி நிக்க வச்சு இட்டுகினு வா.” தாளை மடித்து அவர் கையிலேயே வைத்தார். “முதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் ஷூ.”

ஒன்பது நாள் கழிந்தது. சனிக்கிழமை, கும்மிடிப்பூண்டி வண்டி போய்ப் பிளாட்பாரம் காலியான நேரம். படிக்கட்டில் ஏறி ஏலக்காரர் வந்தார். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு, சட்டைப்பையில் புதிய சீசன் டிக்கெட். எங்களைப் பார்க்காததுபோல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடக்கே நடக்க ஆரம்பித்தார். வெறுங்கால்.

அந்த அம்மா நான்கே எட்டில் போய் அவர் முன்னால் நின்றார்.

“எங்க நைனா?”

“நடக்க சொல்லிகீறாங்க.”

“செருப்பு இல்லாம இந்தப் பிளாட்பாரத்துல ஏற முடியாது.”

“இன்னாடி இது? ரயில்வே சட்டமா?”

“என் சட்டம். கீழ எறங்கு.”

தலைக்குமேல் ஒலிபெருக்கி அடுத்த வண்டியின் வரவைச் சொன்னது. ஏலக்காரர் அவரை முறைத்தார். அவர் காலில் இருந்த ஷூவை முறைத்தார். என்னையும் ஒரு முறை முறைத்தார். பிறகு திரும்பிப் படியிறங்கினார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். கடைசிப் படியில் அவர் மனைவி ஒரு துணிப்பையோடு நின்றிருந்தார். ஏலக்காரர் படியில் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து எடுத்த ஷூவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

“உள்ள கைவுட்டுப் பாரு!” என்று மேலிருந்து கத்தினார் அந்த அம்மா.